கட்டுவது ஒருவர், கவலைப்படுவது இன்னொருவர்

கேள்வி: கொட்டாஞ்சேனை வாசகர் ஒருவர், 2 பெப்ரவரி 2025

அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. பிரஷருக்குக் குளிசை எடுக்கிறார், சீனியும் எல்லையில் நிற்கிறது. புறக்கோட்டைக் கடை ஒன்றில் பிரஷர், சீனி, ஒட்சிசன், ஈசிஜி நான்கையும் காட்டும் ஸ்மார்ட் வொட்ச் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கிக் கொடுத்தால் மாதாமாதம் கிளினிக்கில் காத்துக் கிடக்கும் கரைச்சல் குறையும் என்று நினைக்கிறேன். தங்கச்சியோ, இதெல்லாம் விளையாட்டுச் சாமான், நாலு நாளில் மேசை லாச்சிக்குள் போய்விடும் என்கிறாள். கட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: வெள்ளவத்தையில் இருந்து ஒருவர், 2 பெப்ரவரி, இரவு

வாங்க வேண்டாம். விபரம் நாளைக்கு எழுதுகிறேன், குசினி வேலை கிடக்கிறது.

3 பெப்ரவரி

முதலில் சீனி. தோலைத் துளைக்காமல் இரத்தத்துச் சீனியை அளப்பதாகச் சொல்லி விற்கும் மணிக்கூடு, மோதிரம் எதையும் நம்பவேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2024 பெப்ரவரியில் எச்சரித்தது. அப்படியான எதற்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்றும் சேர்த்தே சொன்னது. உலகத்துப் பெரிய கொம்பனிகளே இன்னும் முட்டிக்கொண்டு நிற்கிற விஷயம் இது. புறக்கோட்டைக் கடைக்கு மட்டும் எப்படிக் கைகூடியது?

பிரஷர் கொஞ்சம் வேறு கதை. சாம்சங் மணிக்கூடுகள் சிலவற்றில் அந்த வசதி உண்டு. ஆனால் கையில் பட்டி கட்டி ஊதும் மெஷினில் பார்த்து 28 நாளுக்கு ஒரு தடவை அதைச் சரிப்படுத்த வேண்டும். அதாவது மெஷின் எப்படியும் வீட்டில் இருக்கவேண்டும். ஹுவாவேயின் வொட்ச் டி பட்டிக்குள்ளேயே சின்னதாகக் காற்று ஊதி அளக்கிறது, அது மலிவுச் சாமான் இல்லை.

ஈசிஜிக்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. இதயத்தின் இரண்டு பக்கமும் தொடர்பு வேண்டும் என்பதால், உண்மையான ஈசிஜி மணிக்கூட்டில் மற்றக் கை விரலால் உலோகப் பகுதியை அரை நிமிடம் தொட்டுக்கொண்டு இருக்கவேண்டும். விரலே வைக்காமல் திரையில் கோடு ஓடினால் அது வெறும் படம்.

என் மச்சான் ஒருவர் இப்படி ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து, "அக்கா, பாருங்கோ, டொக்டர் இனித் தேவையில்லை" என்று காட்டினார். அன்றைக்குக் குசினியில் மரவள்ளிக் கிழங்கு கழுவி வைத்திருந்தேன். நடுத்தரத் தடிப்பில் ஒன்றை எடுத்து, மணிக்கூட்டைச் சுற்றிக் கட்டி, மேசையில் வைத்தோம். அடியில் பச்சை வெளிச்சம் மினுங்கியது. கொஞ்ச நேரத்தில் துடிப்பு 74 என்றது. ஒட்சிசன் 98. பிரஷர் 118 க்கு 76. கிழங்குக்குச் சீனி மட்டும் கொஞ்சம் கூட. மச்சான் அதற்குப் பிறகும் அதைக் கட்டிக்கொண்டுதான் திரிகிறார், நேரம் சரியாகக் காட்டுகிறதாம்.

3 பெப்ரவரி, பின்னேரம்

"நல்ல கொம்பனி மணிக்கூட்டைக் கிழங்கில் கட்டினாலும் துடிப்புக் காட்டுமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். காட்டும், சில வேளை. அது பச்சை வெளிச்சத்தைத் தோலுக்குள் விட்டு, திரும்பி வரும் வெளிச்சம் கூடிக் குறைவதைத்தான் எண்ணுகிறது. இரத்தம் பச்சையை நன்றாக உறிஞ்சும், ஒவ்வொரு துடிப்புக்கும் திரும்பும் வெளிச்சம் ஒரு சொட்டுக் குறையும். கிழங்கில் அந்த ஏற்ற இறக்கம் இல்லை, ஆனால் கருவி எதையோ தேடிப் பிடித்துவிடுகிறது. ஆகவே துடிப்புக்காக மட்டும் அதைக் கள்ளச் சாமான் என்று சொல்லமாட்டேன். கிழங்கின் பிரஷரையும் சீனியையும் எண்ணோடு சொன்னதே, அதற்குச் சொல்வேன்.

5 பெப்ரவரி

"அப்ப நடையாவது சரியா எண்ணுமா? பத்தாயிரம் அடி நடக்கச் சொல்லுது" என்று தெஹிவளையில் இருந்து கேள்வி.

பத்தாயிரத்தை எந்த டொக்டரும் கண்டுபிடிக்கவில்லை. தோக்கியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு, 1965 இல், யமசா என்ற ஜப்பான் கொம்பனி இடுப்பில் கொழுவும் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதற்கு வைத்த பெயரிலேயே பத்தாயிரம் இருந்தது. அந்த விளம்பர எண்தான் இன்றைக்கு எல்லாருடைய மணிக்கட்டிலும் இருந்து அதட்டுகிறது. 2019 இல் ஹார்வர்ட் ஆட்கள், சராசரி வயது 72 ஆன 16,741 பெண்களின் நடையை அளந்து வெளியிட்டார்கள். ஒரு நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு 41 வீதம் குறைவு. 7,500 அளவில் அந்த நன்மை அப்படியே நின்றுவிட்டது. நடந்ததால்தான் குறைந்ததா, திடமாக இருந்தவர்கள்தான் கூட நடந்தார்களா என்பதை அந்தக் கணக்கு முழுதாகத் தீர்க்காது. ஆனால் பத்தாயிரம் எட்டவில்லை என்று இரவு பத்து மணிக்கு ஹோலுக்குள் சுற்றி நடக்கிற ஆட்களுக்கு இது போதும். எங்கள் மாடியிலேயே ஒருவர் இருக்கிறார். கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து பெல் அடித்தாயிற்று.

எண்ணுவது சரியா? கை ஆடினால் எண்ணும். துருவலையில் இருந்து தேங்காய் திருவினால் அடி ஏறும். கோயிலில் பஜனைக்குக் கை தட்டினால் ஏறும். சுப்பர் மார்க்கெட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு அரை மணித்தியாலம் நடந்தால் பெரிதாக ஏறாது, கை வண்டியில் இருப்பதால். காலி வீதியில் 100 ஆம் இலக்கப் பஸ்ஸில் நின்றுகொண்டு வருவதற்கும் பழைய பட்டி ஒன்று எனக்கு அடி தந்தது. அதை நான் மறுக்கவில்லை, அந்தப் பயணத்துக்கு ஏதாவது கிடைக்கவேண்டும்.

6 பெப்ரவரி

மஞ்சள் கறை சிலிக்கன் பட்டியில் இருந்து போகுமா என்று கேட்டவருக்கு: போகாது. கறுப்புப் பட்டி வாங்குங்கள்.

9 பெப்ரவரி

தங்கச்சிக்காரி "லாச்சிக்குள் போய்விடும்" என்று சொன்னதை யோசித்துக்கொண்டு இருந்தேன். எங்கள் வீட்டில் அது லாச்சிக்குள் போகவில்லை. ஏனென்றால் அதைக் கட்டியிருப்பவருக்கு அது தேவைப்படவே இல்லை, பார்க்கிறவருக்குத்தான் தேவை.

அண்ணா கனடாவில், ஸ்காபரோவில். அம்மா என்னோடு வெள்ளவத்தையில். அம்மா குளியலறையில் ஒரு தடவை வழுக்கியதற்குப் பிறகு, அண்ணா ஆப்பிள் வொட்ச் ஒன்றும் தன்னுடைய பழைய போனும் ஒரு ஆளிடம் கொடுத்துவிட்டார். 2021 இல் ஐபோனுக்கு வந்த ஐஓஎஸ் 15 மென்பொருளில் இருந்து, ஒருவருடைய உடம்புக் கணக்கை இன்னொருவருடைய போனில் பார்க்கலாம். அம்மாவின் அடி, துடிப்பு, நித்திரை எல்லாம் அங்கே போய்ச் சேருகிறது. வயதை 55 க்கு மேல் என்று போட்டால், விழுந்தால் கண்டுபிடிக்கும் வசதியும் தானாகவே வேலை செய்யத் தொடங்கும்.

முதல் கிழமை அது கண்டுபிடித்த ஒரே விழுகை, அம்மா நுளம்பு பேட்டால் சுவரோடு சேர்த்து ஒன்றை அடித்தது. மணிக்கட்டு அதிர்ந்து, சத்தம் போட்டு, "விழுந்துவிட்டீர்களா" என்று கேட்டது. அம்மா பயந்து என்னைக் கூப்பிட்டார். நுளம்பு தப்பிவிட்டது.

அதற்குப் பிறகு வந்தது பெரிய கூத்து. மீன் வெட்டும்போது கழற்றி ஃபிரிட்ஜுக்கு மேல் வைத்துவிட்டு, அப்படியே மறந்து படுத்துவிட்டார். எங்களுக்குப் பகல் பதினொன்று என்றால் அங்கே நள்ளிரவு தாண்டி அரை மணித்தியாலம். அண்ணா நித்திரை வராமல் போனைத் தட்டியிருக்கிறார், காலையில் இருந்து துடிப்புக் கணக்கு ஒன்றும் இல்லை. நான் கோட்டையில் ஓபிஸில் மீட்டிங்கில் இருந்தேன். திரும்பத் திரும்ப அழைப்பு. வெளியே வந்து எடுத்தால், "அம்மாவுக்கு ஹார்ட் ரேட் இல்லை" என்கிறார். அந்த வசனத்தை ஒரு மனிதன் அப்படிச் சொல்லலாமா? பக்கத்து வீட்டு அன்ரியை அனுப்பி, கதவு தட்டி, அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "ஏன் பிள்ளை, ஆர் செத்தது?" என்று கேட்டாராம்.

14 பெப்ரவரி

"கறுத்தத் தோலில் இந்தப் பச்சை வெளிச்சம் வேலை செய்யாது, வெள்ளைக்காரனுக்குச் செய்தது" என்று ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். பாதி சரி. துடிப்பு எண்ணுவதில், டியூக் பல்கலைக்கழகம் 2020 இல் பல நிறத் தோல்களில் சோதித்தபோது நிறத்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. கை ஆடும்போதுதான் பிழை ஏறியது, ஓய்வில் இருப்பதைவிட ஏறக்குறைய 30 வீதம் கூட. ஒட்சிசன் வேறு. அதே ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஒஃப் மெடிசினில் வந்த ஆய்வு ஆஸ்பத்திரியில் விரலில் கொழுவும் கருவியைப் பற்றியது. இரத்தத்தில் ஒட்சிசன் உண்மையிலேயே குறைந்திருந்தும் கருவி நல்லதாகக் காட்டியது, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரில் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். ஆஸ்பத்திரிக் கருவிக்கே அந்த நிலை. ஆகவே மணிக்கூட்டில் 97 என்று இருந்தாலும், மூச்சு வாங்கினால் மூச்சை நம்புங்கள், எண்ணை அல்ல.

தோல் அரிப்புப் பற்றிக் கேட்டவருக்கு: கொழும்புப் புழுக்கத்தில் பட்டிக்கு அடியில் வியர்வையும் சவர்க்காரமும் தேங்கினால் யாருக்கும் கடிக்கும். ஃபிட்பிட் கொம்பனியே 2014 இல் ஃபோர்ஸ் என்ற பட்டியைத் தோல் எரிச்சல் முறைப்பாடுகளால் திருப்பி எடுத்தது. குளித்ததும் கழற்றி, கழுவி, கையைத் துடைத்து, கொஞ்ச நேரம் வெறுங்கையாக விடுங்கள். நான் இரவில் மற்றக் கைக்கு மாற்றுகிறேன்.

20 பெப்ரவரி

சீனி அளக்க உடம்பில் அணியும் கருவியே இல்லை என்று நான் சொன்னதாக ஒருவர் கோபிக்கிறார். மணிக்கூடு அளக்காது என்றுதான் எழுதினேன். மேல்கையின் பின்பக்கம் ஒட்டும் வட்டச் சென்சர் உண்டு. ஃப்ரீஸ்டைல் லிப்ரே பதினான்கு நாளைக்கு ஒட்டியிருக்கும். மயிர் போன்ற மெல்லிய இழை தோலுக்குள் போய்த்தான் அளக்கிறது, அதுவும் இரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் இருக்கும் நீரை. அதனால் விரல் குத்திப் பார்ப்பதைவிடச் சில நிமிடம் பிந்தித்தான் சொல்லும்.

என் சிநேகிதி ஒருத்தி, இன்சுலின் போடுகிறவள், லண்டனில் இருந்து வந்த அக்கா கொண்டுவந்ததை ஒட்டிப் பார்த்தாள். இந்தப் பக்கத்தில் பேசிய கருவிகளுக்குள் வாழ்க்கையை மாற்றியது என்று நான் கண்ணால் கண்டது அது ஒன்றுதான். இடியப்பம் சாப்பிட்டால் கோடு எப்படி எழும்புகிறது, அதே இடியப்பத்தைக் கூட்டுக்கறியும் முட்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் எப்படி மெதுவாக எழும்புகிறது என்று கையில் பார்த்துவிட்டாள். வெறும் பாணும் சம்பலும் அவளுடைய பெரிய எதிரி என்று தெரிந்தது. சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி கடித்துப் பிளேன்ரீ குடித்தால் ஒன்றும் செய்யாது என்று அவளுடைய மாமி வருடக்கணக்காகச் சொல்லிவந்தார். கோடு மாமியோடு ஒத்துப்போகவில்லை. ஒட்டு முடிந்தது, அடுத்ததை இங்கே வாங்கக் காசு கட்டவில்லை. ஆனால் சாப்பாட்டை மாற்றியது மாற்றியபடி நிற்கிறது.

கொட்டாஞ்சேனைத் தம்பி, அப்பாவுக்கு வேண்டியது பட்டி ஊதும் பிரஷர் மெஷின். மேல்கைக்குக் கட்டுவது, மணிக்கட்டுக்கு அல்ல. காலையில் குளிசைக்கு முதல், ஐந்து நிமிடம் கதிரையில் சாய்ந்து இருந்துவிட்டு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம் பார்த்துக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். அந்தக் கொப்பியைக் கிளினிக்கில் காட்டினால் டொக்டர் விரும்பிப் பார்ப்பார். கிளினிக்கை நிறுத்த வேண்டாம்.

1 மார்ச்

ஓபிஸ் கதை. பெயர் சொல்லமாட்டேன்.

ஊழியர் நலம் என்று நடைப் போட்டி வைத்தார்கள். ஒரு செயலியைப் போட்டு மணிக்கூட்டோடு இணைக்க வேண்டும், அதிகம் நடந்த பிரிவுக்குப் பரிசு. முதல் கிழமை எல்லாரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு காலிமுகத்திடல் வரைக்கும் போய், இறால் வடை தின்றுவிட்டுத் திரும்பினார்கள். நல்ல கலகலப்பு, மறைக்கவில்லை. இரண்டாவது கிழமை ஒருவர் மணிக்கூட்டைத் தன் குழந்தையின் ஊஞ்சலில் கட்டிவிட்டுக் கிரிக்கெட் பார்த்தார். மூன்றாவது கிழமை, செயலியில் நித்திரைக் கணக்கும் மேலதிகாரிக்குத் தெரிகிறது என்று ஒரு பிள்ளை கண்டுபிடித்தாள். "நேற்று லேட்டாத்தான் படுத்திருக்கிறீங்கள் போல" என்று ஒருவர் பகிடியாகக் கேட்டதும் பாதிப் பேர் செயலியை அழித்துவிட்டார்கள்.

இலங்கையில் சட்டம் இருக்கிறது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2022 இன் 9 ஆம் இலக்கம். உடல்நலத் தரவை அது விசேட வகையில் வைக்கிறது. அது முழுதாக நடைமுறைக்கு வரும் நாள்தான் 2025 இல் தள்ளிப்போனது.

"அடி எண்ணிக்கை தெரிந்தால் என்ன குறையப்போகிறது?" என்று கேட்பவர்களுக்கு ஸ்ட்ராவா என்ற ஓட்டச் செயலியின் கதை போதும். ஓடுகிறவர்கள், சைக்கிள் ஓடுகிறவர்கள் போகும் பாதைகளைச் சேர்த்து 2017 நவம்பரில் அந்தக் கொம்பனி உலக வரைபடம் ஒன்று வெளியிட்டது. 2018 ஜனவரியில் அவுஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதைப் பெருப்பித்துப் பார்த்தால், ஒன்றுமில்லாத பாலைவனத்தில் வெளிச்சக் கோடுகள். இராணுவ முகாம்களுக்குள் சிப்பாய்கள் மணிக்கூடு கட்டி ஓடிய தடங்கள். ஆயுதம் வைத்திருக்கிறவனுக்கே மறைக்க முடியவில்லை.

அதுவும் இது வெள்ளவத்தை. வீட்டில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்த காலத்தை இங்கே முப்பது வயது தாண்டிய எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2007 ஜூனில் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்களே. அந்தப் பதிவுத் துண்டை அப்பா பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தார். இப்போது எந்தச் சந்தியில் எத்தனை மணிக்கு நின்றேன் என்பதை நானே காசு கொடுத்து எழுதுவிக்கிறேன். கழற்றிவிட்டேனா என்றால், இல்லை. ஓடும் பாதையைப் பதியும் வசதியை மட்டும் நிறுத்தினேன்.

2 மார்ச்

பரிசு எங்கள் பிரிவுக்குத்தான். ஊஞ்சல்காரர் எங்கள் பிரிவு.

17 மார்ச்

நித்திரை. எங்கள் வீடு கடற்பக்கம், தண்டவாளத்துக்குக் கிட்ட. விடியப்புறம் முதல் ரயில் போனால் யன்னல் கண்ணாடி கிறுகிறுக்கும். அந்த நேரம் நான் கண்ணை மூடாமல் அசையாமல் படுத்திருப்பேன், மாதக் கடைசிக் கணக்கை யோசித்துக்கொண்டு. காலையில் மணிக்கூடு அதை ஆழ்ந்த நித்திரை என்று நல்ல புள்ளி போட்டு வைத்திருக்கும். அசைவையும் துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது, வேறென்ன செய்யும்? நித்திரையின் கட்டங்களைச் சரியாகப் பிரிக்கத் தலையில் மின்வாய் ஒட்டி மூளை அலையைப் பார்க்கவேண்டும்.

2017 இல் அமெரிக்க நித்திரை வைத்தியர்கள் மூன்று நோயாளிகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். நல்ல புள்ளி எடுக்கவேண்டும் என்ற பதற்றத்திலேயே நித்திரை கெட்டுப்போனவர்கள். அதற்கு ஓர்த்தோசொம்னியா என்று பெயர் வைத்தார்கள். எனக்கு இதில் கொஞ்சம் இருக்கிறது. நன்றாகத் தூங்கி எழும்பியதாக நினைத்து, புள்ளி 58 என்று கண்டதும் உடனே அலுப்பு வந்துவிடும். இப்போது காலைத் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை.

25 ஏப்ரல்

அம்மா விஷயத்தில் ஒன்று எனக்கு இப்போதுதான் பிடிபட்டது.

மணிக்கூடு வர முதல் அண்ணா ஒவ்வொரு நாளும் எடுப்பார். எங்கள் இரவுச் சாப்பாட்டு நேரம், அவர் வேலைக்கு இறங்கும் நேரம். "சாப்பிட்டீங்களா, கால் நோ எப்படி, கோயிலுக்குப் போனீங்களா", இந்த மூன்றும்தான். பெரிய கதை ஒன்றும் இல்லை. மணிக்கூடு வந்த பிறகு அந்த மூன்றுக்கும் பதில் அவருடைய போனில் இருக்கிறது. மயூரபதி அம்மன் கோயிலுக்கு நடந்த அடி அங்கே தெரிகிறது. துடிப்புச் சரி, நித்திரை சரி, அம்மா சுகம். எடுக்கத் தேவையில்லை. அழைப்பு ஒன்றுவிட்ட நாளாகி, பிறகு சனி ஞாயிறாகியது. எடுத்தாலும் "செவ்வாய்க்கிழமை ஏன் அம்மா நடக்கேல்லை?" என்று கணக்குக் கேட்பதாகத்தான் இருந்தது.

அம்மா ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை. ஆனால் மணிக்கூடு ஃபிரிட்ஜுக்கு மேல் அடிக்கடி கிடந்தது. மீன் இல்லாத நாளிலும். வெள்ளிக்கிழமை, மரக்கறிச் சமையல், மணிக்கூடு அங்கே. நான் எடுத்துக் கட்டப் போனேன்.

"இருக்கட்டும், பிள்ளை. இப்ப எடுப்பான்."

எடுத்தார். அம்மா மூன்று தரம் அடிக்க விட்டுத்தான் போனைத் தூக்கினார்.

26 ஏப்ரல்

நேற்றையதை வாசித்துவிட்டு ஒருவர், "உங்கள் அண்ணாவுக்கு இதயமே இல்லையா" என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. அங்கே இரண்டு வேலை, பனி, இரண்டு பிள்ளைகள். கவலைப்பட்டுத்தான் அந்தக் காசைச் செலவழித்தார். கவலையை அது குறைத்தது, அவ்வளவு குறைந்தால் கதைக்க என்ன மிஞ்சும் என்று அவர் யோசிக்கவில்லை. நானும்தான் யோசிக்கவில்லை.

11 மே

பம்பலப்பிட்டியில் கல்யாண வீடு. லண்டனில் இருந்து வந்த பெடியன் ஒருவன் கமரா உள்ள கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மண்டபத்துக்குள் திரிந்தான். ரேபான் மெட்டா, 2023 இல் வந்தது. படம் பிடிக்கும்போது மூலையில் சின்ன வெள்ளை லைட் எரியும். பந்தியில் இருந்த மாமி ஒருவர் வாய்க்குக் கொண்டுபோன வடையை நிறுத்திவிட்டு, "தம்பி, ஏன் ராசா உன்ர கண்ணாடியில லைட் எரியுது?" என்று கேட்டார். விளங்கப்படுத்தியதும் அந்த வரிசை முழுவதும் சேலையைச் சரிசெய்தது. பிறகு அவனுக்கு அந்தப் பக்கம் பாயசம் வரவேயில்லை.

3 ஜூன்

மழையோடு டெங்கு தொடங்கிவிட்டது, "மணிக்கூடு முன்கூட்டிச் சொல்லுமா" என்று கேட்கிறீர்கள். என் அனுபவம்: போன முறை எனக்கு வந்தபோது, காய்ச்சல் தெரிய முதல் இரவே ஓய்வுத் துடிப்பு வழக்கத்தைவிட நன்றாக ஏறியிருந்தது. நான் பின்னேரம் குடித்த கோப்பியின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் படுத்தேன். விடிய உடம்பு அனல். ஸ்டன்ஃபோர்ட்டில் மைக்கல் ஸ்னைடர் என்பவர் தன் கையிலேயே இப்படிப் பார்த்திருக்கிறார். விமானத்தில் போகும்போது ஒட்சிசன் குறைந்தும் துடிப்பு ஏறியும் இருந்ததைச் சந்தேகித்துப் போய்ச் சோதித்தால், உண்ணி கடித்து வரும் லைம் நோய். 2017 இல் கட்டுரையாக வந்தது.

ஆனால் உடம்பில் ஏதோ நடக்கிறது என்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. டெங்கா, வைரஸ் காய்ச்சலா, கோப்பியா? இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். காய்ச்சல் விடும் கட்டத்தில்தான் டெங்கு பொல்லாதது. "துடிப்பு இறங்கிவிட்டது, சுகம்" என்று மணிக்கூட்டைப் பார்த்து வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

இதயத்துக்கு நல்லது செய்த கதை ஒன்றும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் இதற்கு எதிரி என்று நினைப்பீர்கள். எங்கள் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவருக்கு "துடிப்பு ஒழுங்கில்லை" என்று அறிவிப்பு வந்தது. போய் எடுத்த ஈசிஜி நேர்த்தியாக இருந்தது. விட்டு விட்டு வருகிறதோ என்று துடிப்பைத் தொடர்ந்து பதியும் ஹோல்டர் கருவியை ஒரு நாள் முழுக்கக் கட்டிப் பார்த்தார்கள், பிடிபட்டது. இப்போது இரத்தம் உறையாமல் இருக்க மருந்து. ஸ்டன்ஃபோர்ட் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் செய்த ஆப்பிள் ஆய்வில் அறிவிப்பு வந்தது 0.52 வீதமானவர்களுக்கு. பிறகு நெஞ்சில் ஒட்டும் கருவி அனுப்பிச் சோதித்தவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் அது அப்போது பிடிபட்டது. மாஸ்டர் அந்த மூன்றில் ஒருவர். ஆனால் மனுசன் இப்போது படி ஏறும் ஒவ்வொரு தட்டிலும் நின்று மணிக்கட்டைப் பார்க்கிறார். மாஸ்டரின் மனைவி அதைப் பார்த்து நிற்கிறார். மருந்து ஒருவருக்கு, பயம் இருவருக்கு.

4 ஜூன்

2022 மின்வெட்டு நேரம் இந்த மணிக்கூடுகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டவருக்கு: பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களில் கிடைக்கிற சார்ஜ் போனுக்கும் ரோச் லைட்டுக்கும். மணிக்கூடு செத்துக் கிடந்தது. அப்பாவின் பழைய கசியோ எஃப்-91டபிள்யூ மட்டும் ஓடியது, அதற்கு ஒரு பட்டரி ஏழு வருடம்.

ஏ.எல். எழுதப் போகும் மகனுக்கு எது நல்லது என்று கேட்ட அம்மாவுக்கும் இதே பதில். பரீட்சை மண்டபத்துக்குள் ஸ்மார்ட் வொட்ச் விடமாட்டார்கள்.

2 ஓகஸ்ட்

ஆடிவேலுக்கு என்று அண்ணா வந்து நிற்கிறார். முதல் நாள் பின்னேரம் அம்மாவும் அவரும் மெரைன் டிரைவில் நடக்கப் போனார்கள். அம்மா திரும்பி வந்து, "உவனுக்கு மூச்சு வாங்குது" என்றார். அண்ணா ஜெட்லாக் என்றார். அம்மா அவருடைய கையைப் பிடித்து மணிக்கூட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இதில உன்ர கணக்கும் இருக்கோ?"

"இருக்கு, அம்மா."

"அதை எனக்கும் அனுப்பு."

அண்ணா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அன்றிரவே உட்கார்ந்து செய்து கொடுத்தேன். (எப்படி என்று கேட்கப்போகிறவர்களுக்கு: ஹெல்த் செயலியில் ஷெயரிங். ஒருவர் அனுப்புவதால் மற்றவருடையது தானாக வராது, இருவரும் தனித்தனியாகப் போடவேண்டும். எதைக் காட்டுவது என்று தெரிவும் செய்யலாம். அண்ணா அடியை மட்டும் தெரிவு செய்யப் பார்த்தார், அம்மா நித்திரையையும் துடிப்பையும் போடச் சொன்னார்.)

30 ஓகஸ்ட்

அண்ணா திரும்பிப் போய்விட்டார். அம்மா இப்போது காலையில் சாமி கும்பிட்டு, கண்ணாடியைப் போட்டு, போனைத் தூரப் பிடித்துக்கொண்டு ஸ்காபரோவைப் பார்க்கிறார். அடி நாலாயிரம் தாண்டவில்லை. நித்திரை இரவு இரண்டு மணிக்குப் பிறகுதான். உடனே அழைப்பு, இந்தப் பக்கத்தில் இருந்து. "ரெண்டு மணி மட்டும் என்ன செய்தனி? அந்த நேரம் என்ன சாப்பிட்டனி? துடிப்பு ஏறிக்கிடக்கு." மணிக்கூட்டை ஃபிரிட்ஜுக்கு மேல் இப்போது காணவில்லை, அம்மாவின் கையில்தான் இருக்கிறது.

இந்தக் கிழமை மூன்று இரவாக அண்ணாவின் நித்திரைக் கணக்கு வரவில்லை. கேட்டால், படுக்க முதல் சார்ஜில் போட்டுவிட்டு எடுக்க மறந்துவிட்டாராம். அம்மா நம்பவில்லை. அண்ணியிடம் எடுத்துக் கேட்கப்போகிறாராம்.